ரோமா பிள்ளைகளின் படிப்பு: பள்ளியும் குடும்பமும் ஒரே பக்கம் நிற்க என்ன செய்யலாம்?

தெற்குவாசல் (பேச், ஹங்கேரி)

எல்லோருக்கும் வணக்கம். ஹங்கேரியின் தெற்கே பேச் நகரத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். களப்பயிற்சிக்காக மாலைப் படிப்பகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இங்கே இதற்குத் தனோதா என்று பெயர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக இங்கே வருவார்கள். ஏதாவது சாப்பிடுவார்கள், வீட்டுப்பாடம் செய்வார்கள், விளையாடுவார்கள். 1990-களிலிருந்தே நாட்டின் பல ஊர்களில் இப்படிப்பட்ட படிப்பகங்கள் இருக்கின்றன. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ரோமா பிள்ளைகள். பலர் ஜிப்சிகள் என்று அழைக்கும், ஐரோப்பாவின் பல நாடுகளில் சிறுபான்மையாக வாழும் இனத்தவர்.

ஆசிரியர்களிடம் பேசினால் "பெற்றோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, படிப்பில் அவர்களுக்கு அக்கறை இல்லை" என்கிறார்கள். பெற்றோரிடம் பேசினால் வேறு கதை கேட்கிறேன். ஒரு அம்மா பள்ளியிலிருந்து தனக்கு வந்த கடிதங்களைக் காட்டினார். எல்லாமே பிள்ளை வராத நாட்களின் கணக்கும் எச்சரிக்கையும்தான். காரணமில்லாமல் 50 மணி நேரம் பள்ளிக்கு வராவிட்டால் குடும்ப உதவித்தொகையை நிறுத்தலாம் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது. பையன் நன்றாக வரைகிறான் என்று ஒரு வரிகூட அந்தக் கடிதங்களில் இல்லை. உறை வந்தாலே பயமாக இருக்கிறது, பிரிக்காமல் வைத்துவிடுகிறேன் என்றார்.

ஐரோப்பாவில் ரோமா மக்கள் ஒரு கோடிக்கு மேல் இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021-ல் எடுத்த கணக்கெடுப்பில், 6 முதல் 15 வயதுள்ள ரோமா பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர், மாணவர்கள் எல்லோருமோ பெரும்பாலோருமோ ரோமாவாக இருக்கும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. 2016-ல் இருந்ததைவிட இது அதிகம். 18 முதல் 24 வயதுள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு திட்டங்களுக்குப் பிறகும் நிலைமை இதுதான்.

குடும்பங்களோடு கைகோத்து வேலை செய்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். எங்கே நகர்ந்தது, எங்கே நின்றுபோனது, இரண்டும் வேண்டும்.

---

யாழ்_இழை (வட இங்கிலாந்து)

வணக்கம் தம்பி. நான் இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். 2004-ல் ஸ்லோவாக்கியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, அந்த நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து பல ரோமா குடும்பங்கள் ஷெஃபீல்ட், கிளாஸ்கோ போன்ற நகரங்களுக்கு வந்தன. எங்கள் பள்ளியிலும் கணிசமாக இருக்கிறார்கள்.

எனக்கு முதலில் புரியாமல் இருந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் இங்கே மதிப்பீடு செய்து கூடுதல் உதவி கேட்போம். மற்ற பெற்றோர் அதற்காக வரிசையில் நிற்பார்கள். ரோமா பெற்றோர் அந்தத் தாளைக் கண்டதும் பின்வாங்கினார்கள். சிலர் பிள்ளையையே நிறுத்திவிட்டார்கள். அக்கறை இல்லை என்றுதான் பள்ளியில் பேசிக்கொண்டார்கள். ஒரு தாயுடன் ஆறுதலாக இருந்து கதைத்தபோதுதான் விளங்கியது. ஊரில் அவரை ஏழு வயதில் ஒரு பரிசோதனைக்கு உட்படுத்தி, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் பேசுவது ரோமா மக்களின் மொழியான ரோமானி, பரிசோதனை நடந்தது ஸ்லோவாக் மொழியில். அங்கே படித்தவருக்கு அப்புறம் வேறு பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை. தன் மகளுக்கும் அதே கதி வந்துவிடும் என்று அவர் பயந்தால் அது எப்படி அக்கறையின்மை ஆகும்?

அதற்குப் பிறகு நாங்கள் தாளை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். ரோமானி பேசும் ஒரு பெண்ணை வைத்து, மதிப்பீடு என்றால் என்ன, முடிவு என்னவாக இருந்தாலும் பிள்ளை இதே வகுப்பில்தான் இருக்கும் என்று வாயால் சொல்கிறோம். நேரம் எடுக்கும். ஆனால் கையெழுத்து வருகிறது, பிள்ளையும் வருகிறது.

---

கொங்கு_மணி (ஈரோடு)

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். இரண்டு பேர் எழுதியதையும் கவனமாகப் படித்தேன். மனதில் பட்டதை வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இலவசப் பள்ளி இருக்கிறது. உதவித்தொகை இருக்கிறது. ஐரோப்பிய நிதி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் வீட்டில் அனுப்பவில்லை என்றால் பள்ளிக்கூடம் எத்தனை காலம் கதவைத் தட்டும்? பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்து வைப்பதாகவும் கேள்விப்படுகிறேன். பெற்றோரின் பொறுப்பைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே?

---

தெற்குவாசல்

ஐயா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. இங்கே ஆசிரியர் அறையில் தினமும் எழும் கேள்விதான் இது.

செக் நாட்டில் ஓஸ்த்ராவா என்று ஒரு தொழில் நகரம். யாழ்_இழை அக்கா சொன்ன அதே சிறப்புப் பள்ளிகள் அங்கேயும் இருந்தன. மற்ற பிள்ளைகளைவிட ரோமா பிள்ளை அந்தப் பள்ளிக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 27 மடங்கு அதிகமாக இருந்தது. 18 பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் அமர்வில் தோற்று, பிறகு 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வில் வென்றார்கள். அந்த வழக்கில் அரசு சொன்ன பதில்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. பெற்றோரே சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்றது அரசு. முன்பே அச்சடித்த படிவம், வேறு என்ன வழி இருக்கிறது என்ற விளக்கம் கிடையாது, அந்தப் பள்ளியில் சேர்ந்தால் பின்னால் என்ன ஆகும் என்பதும் சொல்லப்படவில்லை. அப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றும் சொன்னது.

இலவசம் என்கிறீர்கள். பல்கேரியாவில் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் இருந்தது. 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். சில இடங்களில் கட்டணத்தை மட்டும் நீக்கினார்கள். சில இடங்களில் அதோடு, பிள்ளை ஒழுங்காக வந்தால் உணவுக் கூப்பனும் கொடுத்தார்கள். கட்டணம் போனதுமே சேர்க்கையும் வருகையும் நன்றாகக் கூடின. கூப்பனால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் கூடவில்லை. அனுப்ப விருப்பம் ஏற்கெனவே இருந்தது, செலவுதான் தடுத்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பெற்றோரைத் தூண்ட வேண்டும், தண்டிக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் இந்தச் சோதனையை அவசியம் பார்க்க வேண்டும்.

கல்யாண விஷயத்தை மறைக்க வேண்டியதில்லை. சில சமூகங்களில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் ஏழாம் எட்டாம் வகுப்போடு நின்றுபோவதை நானே பார்க்கிறேன். ஆனால் அந்த வயதில் இங்கே பள்ளி மாறும், வேறு ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும், அங்கே கேலி பேசுவார்கள். "அங்கே என் பெண்ணுக்கு யார் துணை?" என்று கேட்கும் அப்பாவிடம் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. இது போதாதென்று, கட்டாயக் கல்வி வயதை 18-லிருந்து 16-ஆக அரசே குறைத்துவிட்டது.

இன்னொன்று, ஐயா. 1773-ல் ஹங்கேரியை ஆண்ட மரியா தெரேசா பேரரசி ரோமா பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விவசாயக் குடும்பங்களில் வளர்க்கச் சொல்லி ஆணையிட்டார். ருமேனியப் பகுதியில் 1850-கள் வரை ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். பின்னால் நாஜிகளின் முகாம்கள். அரசு ஆள் வாசலில் நின்று பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பாட்டிமார்கள் ஏன் உள்ளே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

---

மல்லிகைப்பந்தல் (வலென்சியா, ஸ்பெயின்)

பெற்றோர் பொறுப்பு என்று மணி ஐயா கேட்டதால், பெற்றோர் கையில் பொறுப்பைக் கொடுத்தே பார்த்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். நான் கல்வியியல் ஆய்வு மாணவி. இந்தப் பள்ளியை ஆய்வுக் கட்டுரைகள் வழியாகவும் அங்கே போனவர்கள் வழியாகவும் அறிவேன்.

அல்பாசெத்தே நகரத்தின் ஒரு ஏழைப் பகுதி. மக்கள் பெரும்பாலும் ஹித்தானோக்கள், அதாவது ஸ்பெயின் ரோமா. அங்கிருந்த பள்ளி கிட்டத்தட்டச் செத்துப்போன நிலைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் வருவதில்லை, வந்தாலும் சண்டை, ஆசிரியர்கள் நிற்பதில்லை. 2006 வாக்கில் அதை மூடிவிட்டு, அதே இடத்தில் லா பாஸ் என்ற பெயரில் புதிதாகத் தொடங்கினார்கள். கற்றல் சமூகம் என்ற முறையில் நடத்துவது என்று முடிவு. பார்செலோனா பல்கலைக்கழகத்தில் ரமோன் ஃப்ளெச்சா தொடங்கிய ஆய்வுக் குழுவின் வழிகாட்டல் இருந்தது.

முதல் வேலையாக ஆசிரியர்கள், குடும்பத்தினர், அந்தத் தெருவில் வேலை செய்யும் அமைப்புகள் எல்லோரும் உட்கார்ந்து, எங்களுக்கு எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்று பேசினார்கள். தாய்மார்கள் கேட்டது பாட்டு, நடனம், திருவிழா எதுவும் இல்லை. பணக்காரர் பிள்ளைகள் படிப்பதை எங்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார்கள். பிறகு அந்தத் தாய்மார்களே வகுப்புக்குள் வந்தார்கள். வகுப்பைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர் உட்காருவார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். பாடம் சொல்லித்தருவது அவர் வேலை இல்லை. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு விளக்கிவிட்டதா, எல்லோரும் பேசினார்களா என்று பார்ப்பதுதான் வேலை. பிள்ளைகளைத் தரம் பிரித்து வைப்பதில்லை. பெரியவர்களுக்கும் அதே கட்டடத்தில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக் குழுக்களில் அவர்களுக்கு ஓட்டு உண்டு.

வராமை சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தது. சேர்க்கை கூடியது, தேர்வு முடிவுகளும் ஏறின. ஸ்பெயினில் வேறு பல பள்ளிகள் இதே முறையில் நடக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது, பெற்றோரை உட்காரவைத்து எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று வகுப்பெடுக்காமல் இருந்தது. கூட்டு முயற்சி என்ற பெயரில் நான் பார்த்த பாதித் திட்டங்கள் அந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

---

கொங்கு_மணி

எழுதப் படிக்கத் தெரியாத தாயை வகுப்பில் உட்காரவைத்தால் ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டார்களா அம்மா? என் அனுபவத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கே பல ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள்.

---

மல்லிகைப்பந்தல்

சிலர் ஒத்துக்கொள்ளவில்லை ஐயா. புதிய பள்ளி என்பதால் இந்த முறைக்குச் சம்மதித்தவர்களே அங்கே வேலைக்கு வந்தார்கள். இது முக்கியமான நிபந்தனை. ஆசிரியர்களுக்கு மனமில்லாத இடத்தில் இதைக் கொண்டுபோய்த் திணித்தால் தாய்மார்களுக்குத்தான் அவமானம் மிஞ்சும்.

---

கார்பாத்தியன் (க்ளூஜ், ருமேனியா)

மென்பொருள் வேலை, பத்தாண்டுக்கு மேல் இந்த ஊர்தான். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் குழு ஒன்றில் இருக்கிறேன்.

ருமேனியாவில் பள்ளி இணைப்பாளர் என்று ஒரு பதவி உண்டு. பெரும்பாலும் அதே ரோமா சமூகத்திலிருந்து வருபவர்கள், முக்கியமாகப் பெண்கள். பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்குப் போவார், மருத்துவச் சீட்டு இல்லையா, செருப்பு இல்லையா, யாராவது அடித்தார்களா என்று கேட்டு வருவார். பள்ளி தப்பு செய்தால் பள்ளியிடமும் சொல்வார். 2007-ல் கல்வி அமைச்சகம் இவர்கள் பணிக்கு முறையான விதிகள் போட்டது. அதே ஆண்டு ரோமா பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைப்பதைத் தடுக்கும் ஆணையும் வந்தது. 2011-ல் ஐரோப்பிய மன்றமும் ஐரோப்பிய ஆணையமும் ரோமெட் என்ற பயிற்சித் திட்டத்தைப் பல நாடுகளில் தொடங்கின. செர்பியாவிலும் இதே மாதிரி உதவியாளர்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

யோசனை அருமையானது. நடைமுறையில் மூன்று இடத்தில் அடிபடுகிறது. ஒன்று, சம்பளம். திட்டப் பணம் தீர்ந்தால் வேலையும் போச்சு. ஒரு தெருவே நம்பிப் பழகிய ஆள் ஜூன் மாதத்தோடு காணாமல் போனால் அடுத்து வருபவரை யார் நம்புவார்கள்? இரண்டு, பள்ளி இவரைத் தன் காவல்காரராக ஆக்கிக்கொள்கிறது. வராத பிள்ளைகளின் பட்டியலைக் கையில் கொடுத்து "போய்க் கூட்டி வா" என்பதோடு சரி. ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. மூன்றாவது, இணைப்பாளர் இருக்கிறாரே என்று ஆசிரியர்கள் பெற்றோரோடு பேசுவதையே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 2010 டிசம்பரில், கடும் குளிரில், எங்கள் நகரத்தின் நடுவில் கோஸ்தேய் தெருவில் இருந்த ரோமா குடும்பங்களை அப்புறப்படுத்தி, நகரக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பாதா ராத் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை நகரத்துப் பள்ளிகளுக்குப் போய்வந்த பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளியிலிருந்து வெகுதூரம் போனார்கள். உடம்பில் குப்பை நாற்றம் அடிக்கிறது என்று வகுப்பில் தள்ளி உட்காருவார்கள் என்பதற்காகவே சில பிள்ளைகள் வர மறுத்தார்கள். வீட்டைப் பற்றிப் பேசாமல் பள்ளியைப் பற்றி மட்டும் எத்தனை கூட்டம் போட்டாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

யாழ்_இழை

கார்பாத்தியன் சொன்ன சம்பளப் பிரச்சினை இங்கேயும் உண்டு. ரோமா பிள்ளைகளுக்கும், வண்டிகளில் இடம் மாறி வாழும் டிராவலர் சமூகப் பிள்ளைகளுக்கும் என்று உள்ளூராட்சிகளில் தனிக் கல்விச் சேவைகள் இருந்தன. வீடு வீடாக, வண்டி வண்டியாகப் போகும் ஆட்கள். 2010-க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளில் பலதையும் மூடிவிட்டார்கள், அல்லது ஓரிருவரோடு நிறுத்திவிட்டார்கள். பல ஆண்டுகள் பழகிச் சேர்த்த நம்பிக்கை கோப்புகளோடு போனது.

---

மல்லிகைப்பந்தல்

தெற்குவாசலிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரில்தான் காந்தி பெயரில் ரோமா பள்ளி இருக்கிறது. அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை? நீங்கள் சொன்ன கணக்கெடுப்பு "எல்லோரும் ரோமாவாக இருக்கும் பள்ளி" என்று குறை சொல்கிறது. காந்தி பள்ளியும் அப்படித்தானே?

---

தெற்குவாசல்

அதை எழுதத் தயங்கியதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். இதில் எனக்கு உறுதியான நிலைப்பாடு வரச் சில காலம் ஆயிற்று.

காந்தி உயர்நிலைப் பள்ளி 1994-ல் தொடங்கியது. ரோமா பிள்ளைகளைப் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வு வரை கொண்டுபோவதற்காகவே உண்டான பள்ளி. விடுதி உண்டு. ஹங்கேரி ரோமா மக்கள் பேசும் லோவாரி, பேயாஷ் இரண்டு மொழிகளும் பாடமாக உண்டு. தொடக்க காலத்தில் ஆசிரியர்களே கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். வடகிழக்கே ஷயோகாஸா கிராமத்தில் 2007-ல் இன்னொன்று தொடங்கியது. அம்பேத்கரைப் படித்து, மகாராஷ்டிரத்துக்குப் போய் பௌத்த தலித் மக்களைச் சந்தித்துத் திரும்பிய ஒர்ஷோஷ் யானோஷ், தெர்தாக் திபோர் இருவரும் தொடங்கிய பள்ளி. பெயரே டாக்டர் அம்பேத்கர் பள்ளி. பள்ளியை விட்டுப்போன இளைஞர்கள், குழந்தை பெற்ற பெண்கள்கூட அங்கே வந்து தேர்வெழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான வழி பல்கேரியாவின் விதின் நகரத்தில் நடந்தது. 2000 செப்டம்பரில் த்ரோம் என்ற ரோமா அமைப்பு, நோவ் பத் என்ற ரோமா குடியிருப்பிலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்துப் பொதுப் பள்ளிகளில் சேர்த்தது. அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பேருந்தில் ரோமா பெரியவர்கள் கூடவே போனார்கள், பள்ளி நேரம் முழுக்க அங்கேயே இருந்தார்கள். பிளெவென், மொன்டானா போன்ற வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின.

எனக்கு இப்போது படுவது இது. இரண்டிலும் ரோமா குடும்பங்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், தலைமையும் அவர்களிடம் இருந்தது. இங்கே ஹங்கேரியில் ஜொஞ்ஜொஷ்பதா கிராமத்தில் நடந்தது அப்படியா? அங்கே ரோமா பிள்ளைகளைக் கீழ்த்தளத்திலும் மற்றவர்களை மேல்தளத்திலும் பிரித்து வைத்துப் பல ஆண்டுகள் தரமான படிப்பைத் தராமல் விட்டார்கள். குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணமாகவே இழப்பீடு தர வேண்டும் என்று உறுதிசெய்தது. பணத்துக்குப் பதில் பயிற்சி கொடுக்கலாமே என்று அரசுத் தரப்பு வாதிட்டதை ஏற்கவில்லை.

ஆனாலும் மழலையர் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் கலந்தே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியாக வைத்துவிட்டு, அங்கே பெற்றோரை அழைத்து எத்தனை கலைநிகழ்ச்சி நடத்தினாலும் பிரிவினைக்குப் பூச்சூட்டுவது போலத்தான். காந்தி, அம்பேத்கர் பள்ளிகள் ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டவர்களுக்குத் திறந்த கதவுகள். அந்தக் கதவு தேவைப்படும் வரை இருக்கட்டும்.

---

கொங்கு_மணி

ஹங்கேரிக் கிராமத்தில் அம்பேத்கர் பெயரில் பள்ளி! இத்தனை வயதுக்கு இதை இன்றுதான் அறிகிறேன். மனம் நிறைந்தது தம்பி.

என் முதல் கேள்விக்கு நீங்கள் நால்வரும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். பெற்றோர் பொறுப்பு என்று நான் கேட்டதை இனி வேறு மாதிரி கேட்பேன்: பொறுப்பெடுக்கப் பெற்றோருக்கு இடம் கொடுத்தோமா? சரி, நாளைக்கே ஒரு சாதாரணப் பள்ளியில் தொடங்குவதென்றால் எதைத் தொடங்கலாம்? நிதி, சட்டம் எல்லாம் வரும்போது வரட்டும்.

---

யாழ்_இழை

ஐயா, எங்கள் பள்ளியில் பலித்ததைச் சொல்கிறேன்.

பிள்ளை சேர்ந்ததும் வீட்டுக்குப் போகும் முதல் செய்தி நல்ல செய்தியாக இருக்க வேண்டும். கடிதம் வேண்டாம். கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பினால் வாசிக்கத் தெரியாதவரும் கேட்பார், அப்பம்மாவுக்கும் போட்டுக் காட்டுவார். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது. பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய குறையைத் தன் தாய்க்குத் தானே சொல்ல வேண்டிய நிலை மிகக் கொடுமை.

இடைநிலைப் பள்ளிக்கு மாறும் முன், கோடையிலேயே தாயையும் பிள்ளையையும் புதுப் பள்ளிக்கு அழைத்துப்போய் வாசல், கழிப்பறை, சாப்பாட்டு மண்டபம், கேலி செய்தால் யாரிடம் போவது என எல்லாவற்றையும் காட்டுகிறோம். எங்களிடம் அதிகம் பிள்ளைகள் நின்றுபோனது அந்த மாற்றத்தில்தான். ஏப்ரல் 8 உலக ரோமா நாள், ஆகஸ்ட் 2 நாஜிக்கள் கொன்ற ரோமா மக்களின் நினைவு நாள். ஆகஸ்டில் பள்ளி இல்லாவிட்டாலும் அந்த வரலாற்றைப் பாடத்தில் வைக்கிறோம், எல்லாப் பிள்ளைகளுக்கும். அந்த வகுப்புக்குப் பிறகு ஒரு தந்தை முதல் தடவையாகப் பள்ளிக்கு உள்ளே வந்து ஆசிரியருடன் கதைத்தார்.

உதவ வரும் பெற்றோருக்குக் கூலி கொடுங்கள். அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள்.

---

கார்பாத்தியன்

கூலி விஷயத்தை வழிமொழிகிறேன். அதோடு ஒன்று: திட்டம் எழுதும்போதே ரோமா அமைப்பு மேசையில் இருக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு "பங்குதாரர்" என்று ஒரு கையெழுத்துக்கு மட்டும் தேடி வருகிறார்கள். ஓஸ்த்ராவா படிவத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

---

தெற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் படிப்பகத்தில் உள்ளவர்களிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தை எங்கே, எப்போது, எதைப் பற்றி வைப்பது என்று தாய்மார்களையே முடிவு செய்யச் சொன்னோம். கடிதங்களைக் காட்டிய அம்மாதான் முதலில் பேசினார். இரண்டு கோரிக்கைகள் வந்தன. புதிதாகச் சேரும் பிள்ளைகளை எந்த வகுப்பில் போடுவது என்று பள்ளி பட்டியல் போடும்போது பெற்றோர் இருவர் கூட இருக்க வேண்டும். மாலைப் பேருந்து அரை மணி தள்ளிப் புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் தூரத்துப் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வரவே முடியாது.

பேருந்துக்கு நகராட்சியில் மனு கொடுத்தாயிற்று. வகுப்புப் பட்டியல் ஆகஸ்ட் கடைசியில் தயாராகும். அதற்கு முன் தலைமையாசிரியரைப் பார்க்க அந்த அம்மாவும் இன்னொருவரும் போகிறார்கள், கூட நானும் போகிறேன். பல்கேரியச் சோதனையைப் பற்றி எங்கள் பேராசிரியருக்கும் எழுதியிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது இணைப்பாளர்களைத் திட்ட நிதியிலிருந்து நகராட்சிச் சம்பளத்துக்கு மாற்றிய ஊரின் உதாரணம் இருந்தால் இங்கேயே போடுங்கள், அந்தச் சந்திப்புக்குக் கையில் எடுத்துப் போகிறோம்.